ஆள்காட்டி கத்தாத ஆளு

ஒரு ஊர்ல ஒரு தபால்காரம்மா இருந்தா. பேரு தையல்நாயகி. சைக்கிள்லருந்து விழுந்து கால் ஒடிஞ்சு, மாவுக்கட்டு போட்டாச்சு. "ஆறு வாரம் காலை ஊணக் கூடாது"ன்னுட்டாரு டாக்டர். அப்புறம் என்ன பண்றது? கொள்ளிடக் கரையில தம்பி வீடு. அங்க போயி, ஆத்தைப் பார்த்து நாற்காலி போட்டு உக்காந்துட்டா. பொழுது போகணும்ல? தம்பி ஒரு பைனாகுலர் குடுத்தான்.

எங்க, 'ம்' சொல்லு கண்ணு. ம்...

ஆத்து மணல்ல, வெள்ளரிக் கொடிக்குப் பக்கத்துல, ஒரு ஆள்காட்டிக் குருவி முட்டை வெச்சிருந்துது. கூடெல்லாம் கிடையாது. வெறும் குழி. அதுல கூழாங்கல்லு மாதிரி நாலு முட்டை. "நாலும் நல்லபடியாப் பொரியணும் சாமி"ன்னு தினம் வேண்டிக்குவா தையல்நாயகி.

அப்போ ஒரு காக்கா வந்துது. "கிட்-டிட்டி-டிக்! கிட்-டிட்டி-டிக்!" கத்தியே விரட்டிடுச்சு குருவி. அப்புறம் ஒரு கீரி. அதுக்கும் அதே கத்தல். மூணாவதா வந்தாரு வெள்ளரிக்காரர் மருதையன், இடுப்புல கூடையோட. குருவி கப்சிப்!

தையல்நாயகிக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. ஊரையே கூட்டுற குருவி, இந்தாளைப் பார்த்தா மட்டும் ஏன் வாயைத் திறக்கல? மறுநாளும் அப்படித்தான். குனியிறாரு, கூடையில எதையோ போடுறாரு, கரைப் பக்கம் திருதிருன்னு பார்க்கிறாரு. காய் பறிக்கிற ஆளு எதுக்குத் திரும்பிப் பார்க்கணும்?

ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி.

மூணாம் நாள் காலையில பார்த்தா, குழியில ஒரு முட்டைகூட இல்லை!

"யோவ் வெள்ளரி! கூடையைக் காட்டுய்யா!"

அவரு உதட்டுல விரலை வெச்சு "உஷ்"ங்கிறாரு. அவ்வளவுதான். அக்குள்ல கட்டையை முட்டுக்குடுத்து, சதக்... சதக்... மணல்ல இறங்கிட்டா.

அப்போ கத்துச்சு பாரு குருவி! அவ தலைக்கு மேலயே விர்ர்ர்னு பாயுது.

"அக்கா, நில்லுங்க! கட்டையைக் கீழ வெக்காதீங்க!"ன்னாரு மருதையன்.

குனிஞ்சு பார்த்தா, தூக்குன கட்டைக்கு நேர் கீழ, மணலோட மணலா ஒரு குஞ்சு!

"நாலும் பொரிஞ்சிடுச்சுக்கா. இங்கதான் எங்கயோ படுத்திருக்கு. தாய் கத்துனா அசையாது."

"உன்னைப் பார்த்து மட்டும் ஏன் கத்தலை?"

"ஒரு மாசமா இதே சட்டை, இதே தடம். பழகிப்போச்சு."

"அப்ப என்னை ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தே?"

"நீங்க அந்தக் குழாயை என் மேலயே வெச்சிருந்தா, எனக்குப் பயமா இருக்காதா? கையைக் குடுங்க. என் கால் பட்ட இடத்துல மட்டும் கட்டையை வைங்க."

"உன்னை எப்படிய்யா நம்புறது?"

"உங்களைக் குருவியே நம்பலையேக்கா!"

அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சாமியை நினைச்சுக்கிட்டுக் கையை நீட்டினா. ஒவ்வொரு தடமாத் தொட்டுத் தொட்டு, ரெண்டு பேரும் கரையேறிட்டாங்க.

அப்புறம் ரொம்ப நேரம் மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தாங்க. குருவி மெதுவா இறங்குச்சு. றெக்கையை லேசா விரிச்சுது. குடுகுடுன்னு ஓடி வந்துது ஒண்ணு. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு. நாலாவதைக் காணோம். தையல்நாயகி மருதையன் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா...

நாலு!

எல்லாம் றெக்கைக்குள்ள போயிடுச்சு. கதையும் கூடவே உள்ள போயிடுச்சு. நீயும் போர்வைக்குள்ள போ, கண்ணு.