ஆலா இறங்கும் வரை

“அசையாதீர்கள்,” என்றாள் செங்கமலம்.

ஓங்கிய கல்லோடு வைரவநாதன் நின்றுவிட்டார். குடிசைக்கான முதல் முளைக்குச்சி பாதி இறங்கியிருந்தது. அடித்த சத்தத்தில் பக்கத்திலிருந்த ஆலாப் பறவை பறந்துபோயிருந்தது. அது உட்கார்ந்திருந்த வெறும் மணலில் ஒரு முட்டை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“முட்டை வெந்துவிடும். உங்கள் நிழல் அதன்மேல் விழட்டும்.”

ஓரடி நகர்ந்து நின்றார்.

அவர் அவளுடைய சீடர்; அவளைவிட இருபது வயது மூத்தவர். நாற்பது வருடம் கப்பலில் இருந்தவர். ஆசிரமத்தில் அடுத்தவர் இருமல்கூட அவருடைய தியானத்தைக் கலைத்தது. எப்போதோ கப்பல் தளத்திலிருந்து பார்த்த இந்தத் தீவு நினைவுக்கு வந்தது. நூறு காலடி நீளம், மரமில்லை, ஆளில்லை. மீதி நாளை அங்கேயே கழிக்க அனுமதி கேட்டார். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. படகில் கூடவே வந்துவிட்டாள்.

“எவ்வளவு நேரம் நிற்க?”

“அது வரும்வரை.”

கப்பல்காரருக்குக் குடை உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று படகிலிருந்து படகோட்டி சந்தியாகு சிரித்தான். கரையில் கடல்நீர் வற்றிப் படகு தரைதட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னான்.

கெண்டைக்கால் இழுத்தது. சூரியன் நகர நகர அவரும் குதிகாலை மெல்ல நகர்த்தினார். தீவு முழுக்கப் பறவைகள். சும்மா நிற்கின்றன என்றுதான் காலையில் நினைத்திருந்தார். எல்லாமே வெயிலுக்கு முதுகைக் காட்டி, சிறகைக் கொஞ்சம் விரித்து, காலடியில் நிழல் வைத்திருந்தன.

போன ஆலா அலைமேல் தாழப் பறந்து வந்தது. மார்பைக் கடலில் ஒருமுறை தோய்த்தது. அவர் தலைக்குமேல் இரண்டு தடவை சுற்றிவிட்டு, அவர் பாதத்தருகே இறங்கியது. முட்டைமேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. பிறகு அமர்ந்தது.

வைரவநாதன் மூச்சை மெல்ல விட்டார்.

“நனைத்துக்கொண்டு வருகிறது அம்மா. நாற்பது வருடத்தில் இதை நான் பார்த்ததில்லை.”

செங்கமலம் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தியாகு கயிற்றை அவிழ்த்தான்.

“இப்போதாவது சொல்லுங்கள். நான் இங்கே இருக்கலாமா?”

“என்னிடமா கேட்கிறீர்கள்?”

அவள் படகை நோக்கி நடந்தாள்.

அவர் குனிந்து, சத்தமில்லாமல் முளைக்குச்சியை உருவினார். குழியில் மணலைத் தள்ளி, உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினார்.