நேரலையில் கூடிய ஊர்

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு வெட்கமும் இல்லை.

குருவின் பெயர் எஸ்தர். அந்த வட்டாரத்துக்கென்று மாதம் இருமுறை ஒரு சின்னப் பத்திரிகை நடத்தியவர். சீடர் சிவனணைந்தபெருமாள், நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செய்தி எழுத எஸ்தரிடம்தான் கற்றுக்கொண்டார். பிறகு மகன் வாங்கிக் கொடுத்த போனில் ஊர் பெயரில் ஒரு முகநூல் பக்கம் தொடங்கினார். ஊரே அதில் ஏறிக்கொண்டது. படம் போட்டார்கள், புகார் எழுதினார்கள், சண்டையும் போட்டார்கள். வாங்க ஆளில்லாமல் பத்திரிகை நின்றுபோனது. எஸ்தர் அதற்காக அவரை ஒரு சொல் கடிந்ததில்லை. தையல் மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து நகரத்தின் குப்பையை ஊர்க் குளத்தில் கொட்டத் திட்டம் நடக்கிறது என்பது பெருமாளின் பக்கத்தில்தான் முதலில் வெளியானது. ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் கிணறு அந்தக் குளத்துக்குள்தான் இருக்கிறது. ஊர் கொதித்தது. கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டுவிட்டால் தடுத்துவிடலாம் என்றார்கள். பெருமாள் சும்மா இருப்பாரா? கூட்டத்தை நேரலையில் காட்டப்போவதாகவும், யாருக்கும் சிரமம் வேண்டாம், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றும் அறிவித்தார்.

ஊர் அவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தது. வீட்டிலிருந்தே பார்த்தது.

கூட்டத்துக்குத் தேவையான ஆள் சேரவில்லை. தீர்மானமும் இல்லை. சில நாட்களில் முதல் லாரி வந்து குளத்தில் கொட்டிவிட்டுப் போனது.

அன்றைக்குப் பெருமாள் எஸ்தர் வீட்டுக்கு வந்தார்.

"தாயி, அத்தன பேரும் எதிர்ப்புன்னுதான எழுதுனாவ? பொறவு எப்படித் தோத்தோம்?"

எஸ்தர் மிஷினை நிறுத்தினார். போனை எடுத்து ஏதோ எழுதினார். பெருமாளின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார்.

'அருமையான கேள்வி அண்ணாச்சி.'

"கிண்டலா பண்ணுதிய? பதில் சொல்லுங்க."

மறுபடியும் சிணுங்கியது. இந்தத் தடவை கூப்பிய கைகள், பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

"எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு இது என்ன வேல? வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுங்க."

"பதில்தான் போட்டுட்டேனே" என்றார் எஸ்தர்.

பெருமாளின் முகம் சுருங்கிவிட்டது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் எழுந்து போயிருப்பார். போனைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கூட்டத்துல எந்தப் பக்கம் பாத்து நின்னிய?" என்று எஸ்தர் கேட்டார்.

"மேடையப் பாத்து. போனப் புடிச்சுக்கிட்டு."

"ஒரு தடவயாவது திரும்பிப் பாத்தியளா?"

"இல்ல. போன்ல கீழ ஊராளுவ எழுதுனது ஓடிக்கிட்டே இருந்துச்சு. விடக்கூடாது, விடக்கூடாதுன்னு. ஊரே எம் முதுகுக்குப் பின்னால நிக்குன்னு நெனச்சேன்."

"நான் ஒங்களுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன். என் பக்கத்துல அஞ்சாறு பேரு. மிச்சமெல்லாம் நாற்காலி."

பெருமாளுக்கு மனைவி இறந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்குக்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை. தெருவே வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"பக்கத்த மூடிருதேன்" என்றார்.

"எதுக்கு மூடணும்? குப்ப வரப்போகுதுன்னு எம் பத்திரிகைக்கா தெரிஞ்சுது? லாரி ஓட்டுத பையன் ஒங்களுக்குத்தான சேதி அனுப்புனான். எங்கிட்ட விட்டிருந்தா லாரி வந்த பொறவுதான் அச்சடிச்சிருப்பேன்."

"அப்போ நான் என்னதான் செய்ய?"

எஸ்தர் செருப்பை மாட்டினார்.

"அடுத்த கிராமசபை வருதுல்லா? வாங்க, கூப்பிடப் போவோம்."

தெருவின் முதல் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ போனைச் சத்தமாக வைத்திருந்தார்கள். லாரி வந்ததைப் பற்றி ஒரு குரல் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தது. பெருமாளின் குரல்தான். காலையில் போட்டது. வாசலில் நின்று அவரே கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். பிறகு கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நாந்தான், பெருமாளு."

"அண்ணாச்சியா! ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். நல்லாத் தெரியுது!"

கதவு திறக்கவில்லை. உள்ளே அவர் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

பெருமாள் கலங்கிய கண்ணோடு திரும்பி எஸ்தரைப் பார்த்தார்.

"இன்னும் பலமாத் தட்டுங்க அண்ணாச்சி" என்றார் எஸ்தர்.