உப்பளத்தில் எடுத்த பாட்டு

"இனிமே பாடவே மாட்டேங்கா மிஸ். நான் என்ன செய்யட்டும்?"

ரெக்ஸன் கேட்டது கல்லூரியில் எடிட்டிங் சொல்லித்தரும் வேலம்மாள் மிஸ்ஸிடம். மிஸ் வாயைத் திறப்பதே அபூர்வம். அவர் ஒரு 'சரி' சொல்லிவிட்டால் போதும், பையன்கள் அன்றைக்கு அதைக் கொண்டாடப் பிரியாணிக் கடைக்குப் போய்விடுவார்கள்.

பாடமாட்டேன் என்றவள் அவன் வகுப்பு ஜெனிட்டா. ரெக்ஸன் எழுதிய பாட்டை உயிரைக் கொடுத்துப் பாடித் தந்தவள். அதை அவன் தூத்துக்குடி உப்பளத்தில் வைத்து வீடியோவாக எடுத்தான். வாயசைத்தது வேறொருத்தி, பார்க்க லட்சணமானவள். சினிமாவில் நடக்காததா என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

ஆனால் போஸ்டர் அடித்தானே, அங்கேதான் வந்தது வினை.

இயக்கம் ரெக்ஸன் என்று பனைமர உயரத்துக்கு எழுத்து. கீழே நடித்தவள் முகம். பாடியவள் பெயரைக் காணோம். ஒட்டிய பிறகுதான் கவனித்தானாம். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

திரையிடலுக்கு ஜெனிட்டா அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள். அம்மா போஸ்டர் முன்னால் வெகுநேரம் நின்று தேடினார்.

"உம் பேரு எங்கட்டி?"

அது ரெக்ஸன் காதிலும் விழுந்தது. ஜெனிட்டா அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அதோடு பாட்டு நின்றது. கல்லூரி மேடையிலும் இல்லை, கோயில் பாடகர் குழுவிலும் இல்லை.

ரெக்ஸனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுப் புதுப் போஸ்டர் அடித்து, வீடு தேடிப் போய்க் காட்டினான். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பேருதான மிஸ் பிரச்சினை? அதான் போட்டுட்டேனே."

மிஸ் வீடியோவைப் போடச் சொன்னார். பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த ஷாட் மட்டும் ஏன் மங்கலா இருக்கு?"

"ஓரத்துல ஆள் வந்துட்டு மிஸ். படத்தைப் பெருசாக்கி வெட்டிட்டேன்."

"வெட்டாததைப் போடு."

தேடி எடுத்துப் போட்டான். கண் கூசும் வெயில். உப்புக் குவியலுக்கு முன்னால் அந்த லட்சணமானவள், ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் பிந்தி வாயசைக்கிறாள்.

வலது ஓரத்தில், ஸ்பீக்கர் பக்கத்தில், ஜெனிட்டா நிற்கிறாள். கேமரா தன் பக்கம் திரும்பியது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பீக்கரோடு சேர்ந்து, தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிறாள். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில்.

பாடும்போது இவள் முகம் இப்படி இருக்கும் என்பதே ரெக்ஸனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மிஸ் ஒலியைக் கூட்டினார். பாட்டுக்கு நடுவே, கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எரிச்சலோடு கத்தியது. அவனுடைய குரல்.

"யாருல அது, ஃப்ரேம்ல? தள்ளிப் போகச் சொல்லு."

ஜெனிட்டா கண்ணைத் திறந்தாள். வாயை மூடிக்கொண்டு தள்ளிப் போனாள்.