முட்டைக்குள்ளிருந்து ஒரு கேள்வி

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. ஓயாமல் வம்பளந்துகொண்டிருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவை தேவைக்குப் பேசின, மனிதர்கள்தான் ஓயாமல் பேசினார்கள். கோழி அப்போது வீட்டுப் பறவை இல்லை. காட்டில் மேய்ந்தது, மரத்தில் அடைந்தது, மனித வாடை அடித்தால் பறந்து போனது.

மலையடிவாரத்தில் பூவாத்தா என்று ஒருத்தி, அவள் புருஷன் சடையன். கோடை முடிகிற சமயம் புதர்க்காட்டை எரித்து, முதல் மழைக்குத் தினை விதைப்பது அவர்கள் பிழைப்பு. எரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதல் நாளே வீட்டுப் பெண் காட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு புதரின் பக்கத்திலும் நின்று, "நாளைக்குத் தீ வெக்கறோம், குஞ்சு குளுவானோட கெளம்பிருங்க" என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது பாம்போ முயலோ, "சரி" என்று குரல் கொடுக்கும். குரல் வராவிட்டால் இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

அந்த வருஷம் பூவாத்தா ஒரே ஒரு புதரை விட்டுவிட்டாள். ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் இருந்த ஈஞ்சை முட்புதர். போகிற வழியெல்லாம் முள். தலைக்கு மேல் உச்சி வெயில், காலையில் குடித்த கூழ் எப்போதோ கரைந்து போயிருந்தது. அங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நாமாக இருந்தாலும் திரும்பியிருப்போம், அது வேறு விஷயம்.

அந்தப் புதரில் ஒரு காட்டுக்கோழி ஒன்பது முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. மறுநாள் அது தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போன நேரத்தில் சடையன் தீ வைத்தான். திரும்பி வந்தால் எதிரே நெருப்பு. மூன்று தடவை உள்ளே பாயப் பார்த்தது. வாலிறகு கருகியதுதான் மிச்சம். ஓடைக்கு அப்பால் போய் விழுந்து, எல்லாம் சாம்பலாகிவிட்டது என்று நினைத்துக் கிடந்தது.

ஆனால் பாறை தடுத்ததால் புதரில் பாதிதான் எரிந்திருந்தது. சாயங்காலம் காட்டைப் பார்க்க வந்த பூவாத்தாவின் கண்ணில் முட்டைகள் பட்டன. இன்றைக்கு நல்ல சாப்பாடு என்று மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் மடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆத்தா, நீயா?"

பூவாத்தா அப்படியே நின்றுவிட்டாள். எந்தப் புதர், யார் வீடு, தான் எங்கே பாதியில் திரும்பினோம் என்பதெல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. பதில் வராததால் உள்ளே இருந்தது அழத் தொடங்கிற்று. கூடவே மற்றவையும் அழுதன.

"நாந்தான் கண்ணு. பயப்படாத" என்றாள்.

அழுகையை அமர்த்தச் சொன்ன பொய்தான். ஆனால் இந்த மாதிரிப் பொய்யைச் சொன்னவள் அதன்படி நடந்தும் காட்ட வேண்டியிருக்கிறது. அங்கேதான் கஷ்டம்.

சட்டியில் வெதுவெதுப்பான சாம்பலைப் போட்டு, மேலே இலவம்பஞ்சைப் பரப்பி, அடுப்போரமாக முட்டைகளை வைத்தாள். இரண்டு நாளில் எட்டுக் குஞ்சுகள் வெளியே வந்தன. ஒன்று வரவேயில்லை. அதைப் புதைத்துவிட்டு வந்தாள். குஞ்சுகளுக்குக் கொத்தித் தின்னத் தெரியவில்லை. தினை நொய்யைத் தரையில் தூவி, விரல் நுனியை அலகாக்கி டொக் டொக் என்று தட்டிக் காட்டினாள். எட்டும் அதே மாதிரி தட்டின. புற்றை உடைத்துக் கறையான் கொண்டுவந்து கொட்டினாள். உட்கார்ந்தால் மடி நிறையக் குஞ்சு. மேலே உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும், கண்ணை மூடித் தூங்கிவிடும்.

எட்டில் சின்னது செம்பி. அது பூவாத்தாவின் தோளில் ஏறிக்கொண்டு காதோரம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

"ஆத்தா, உனக்கு ஏன் றெக்கை இல்ல?"

"வேல செஞ்சு செஞ்சு தேஞ்சு போச்சு."

சடையனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "எம் பொண்டாட்டி எட்டுப் பெத்துட்டான்னு ஊரே சொல்லுது. நல்லா வளத்து புள்ள. தெனை அறுக்கறப்ப கொழம்புக்கு ஆகும்" என்றான். அவன் பொல்லாதவன் இல்லை, பசித்தவன். பூவாத்தா காதில் விழாதவள் போலக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்த சமயம், ஒருநாள் காலையில் வாசல் ஓரத்தில் ஒரு காட்டுக்கோழி வந்து நின்றது. வாலிறகு பாதிதான் முளைத்திருந்தது. குஞ்சுகளின் சத்தத்தை வைத்துத் தேடிக்கொண்டு வந்திருந்தது. "மக்களே" என்று கூப்பிட்டது. எட்டும் ஓடிப்போய்ப் பூவாத்தாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"ஆத்தா, இவ யாரு?" என்றது செம்பி.

யாரோ என்று சொல்லிவிடலாம். குஞ்சுகள் நம்பும், கோழியும் வேறு வழியில்லாமல் போய்விடும். பூவாத்தாவுக்கு அந்த ஆசை வந்தது. ஆனால் கருகிய வாலைப் பார்த்த பிறகு நாக்கு எழவில்லை.

"இவதான் உங்களப் பெத்தவ. நான் பொய் சொன்னேன்" என்றாள். பிறகு கோழியிடம், "உம் புதர்கிட்ட நான் வந்து சொல்லல. முள்ளுன்னு திரும்பிட்டேன். எம் மேலதான் தப்பு. கூட்டிட்டுப் போ" என்றாள்.

கோழி எட்டையும் முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு போயிற்று. பூவாத்தா அன்று அடுப்பு மூட்டவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் கீச் கீச் என்று சத்தம். எட்டும் வந்து நின்றன. பின்னாலேயே தாய்க்கோழியும் மெதுவாக நடந்து வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த சடையன் எட்டையும் ஒரு பார்வை பார்த்தான்.

"இருட்டப் போகுதுன்னதும் உன்னக் கேட்டு அழுவுதுங்க. மரத்துல ஏறத் தெரியல, என் றெக்கைக்குள்ள வரல. இனி இதுங்க காட்டுக்கு ஆகாது அம்மணி. நீயே வெச்சுக்க" என்றது. "ஆனா ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. உம் புருஷன் இதுங்களப் பாக்கற பார்வையப் பாத்தேன். நீ இதுங்களத் திம்பியா?"

"மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

"உம் புருஷன்? உனக்கப்பறம் வர்றவங்க?"

பூவாத்தா வாயைத் திறந்தாள். மாட்டாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோழி நிம்மதியாகப் போய்விடும். ஏற்கனவே சொன்ன பொய்க்குச் சாட்சியாக எட்டு உயிர் எதிரே நின்றுகொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

கோழி குஞ்சுகளைப் பார்த்துச் சொன்னது: "இவ உங்க மேல வெச்ச பாசம் நெசம். அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா நான் கேட்டதுக்கு இவளால பதில் சொல்ல முடியல. இனிமே மனுசங்ககிட்ட வாயால எதையும் கேக்காதீங்க. கேட்டா ஒண்ணு பொய் வரும், இல்லன்னா பதிலே வராது. மொகத்தப் பாருங்க. பாத்துத் தெரிஞ்சுக்கங்க."

சொல்லிவிட்டுக் காட்டுக்குள் பறந்து போயிற்று. அதன் வம்சம் இன்றைக்கும் மனிதர் நிழல் பட்டால் நிற்பதில்லை.

மறுநாள் காலையில் பூவாத்தா உள்ளங்கையில் தினையை வைத்து நீட்டினாள். செம்பி ஓடிவந்து மணிக்கட்டில் ஏறியது. ஆத்தா என்று கூப்பிடவில்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தது. பூவாத்தா முகத்தைத் திருப்பவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அசையாமல் இருந்தாள். அதன் பிறகுதான் செம்பி ஒரு மணியைக் கொத்தியது. பூவாத்தா சாகும்வரை கோழிக்கறி தொடவில்லை. சடையனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று முதல்தான் கோழிக்குப் பேச்சு நின்றது. எத்தனை பாசமாக வளர்த்த கோழியானாலும், கையில் தீனியை வைத்து நீட்டினால் கொத்துவதற்கு முன் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நம் முகத்தைப் பார்க்கிறது. நாமும் பதில் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறோம்.