இரண்டு விரற்கடை

மாசிலாமணி தன் மனைவி தனபாக்கியத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆட்டோவின் கண்ணாடியில்.

வாசல் தூணுக்குப் பின்னால் பாதி முகம். நீட்டிய ஒரு கை. கையில் அவர் மறந்து விட்டுப்போன மூக்குக்கண்ணாடிக் கூடு.

அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

அது போன வருஷம். இன்று முதல் நினைவு நாள். காலை பத்தரை மணிக்கு மாசிலாமணி அதே கூடத்தில், டிவிக்கு முன்னால், வேர்த்துப்போய் நின்றார்.

“அவளக் காணோம்மா” என்றார்.

டிவி மெக்கானிக் மெஹருன்னிசா அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“யாரை சார்?”

“என் வீட்டுக்காரிய. லேப்டாப்புல இருக்கா. டிவியில இல்ல.”

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருப்பவள் மெஹருன்னிசா. அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும் என்று ஊரில் பேச்சு. பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேருக்கு டிவி சரியாகிவிடும்.

“என்ன வீடியோ?”

மாசிலாமணி மூச்சு விடாமல் சொன்னார். அவர் பஸ் டிப்போ மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கேமராவைப் பார்த்தாலே அடுப்படிக்குள் போய்விடுகிறவள் தனபாக்கியம். அவள் விழுந்திருப்பது இந்த ஒரு வீடியோவில்தான்.

அவளுடைய அக்கா ராஜகனி அந்தமானில் இருக்கிறாள். சாவுக்கு வர முடியவில்லை. விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்காமலே போயிற்று. ‘அவ நடமாடுறத ஒரு தடவ பாத்துட்டாப் போதும் மாப்பிள்ளை’ என்று போனில் அழுதாள். கண்ணில் ஆபரேஷன் ஆனவள். லேப்டாப்பின் சின்னத் திரையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இந்த டிவி, இந்த ஒயர், இந்த அவஸ்தை.

“எப்ப வர்றாங்க?”

“ரயில விட்டு எறங்கியாச்சாம். ஆட்டோவுல வந்துக்கிட்டிருக்காங்க.”

மெஹருன்னிசா அவசரப்படவில்லை. ஓரிடத்தில் நிறுத்தியிருந்த வீடியோவை லேப்டாப்பில் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். லேப்டாப்பில் மேடையின் இடது ஓரத்தில் ஒரு பெண் இருந்தாள். டிவியில் மேடையின் இடது ஓரத்தில் யாரும் இல்லை.

“நீங்க என்ன பண்ணுனீங்க?”

“மொதல்ல மூணு விரல் மட்டும் தெரிஞ்சுது. அதனால பெருசாக்குனேன்.”

“பெருசாக்குனதும்?”

“விரலும் போச்சு.”

அவள் ரிமோட்டை வாங்கி, அவர் போட்டிருந்த ஜூமை எடுத்துவிட்டாள். திரையின் ஓரத்தில் மூன்று விரல்கள் திரும்பி வந்தன. ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டின் முனையைப் பிடித்திருந்தன.

மாசிலாமணி பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒயரு கோளாறா? மாத்திரலாமா?”

“டிவியில இப்ப யாரு நல்லாத் தெரியுறா?”

“நான்தான்.”

“எத்தனை மாலை சார் அது? உள்ள ஆள் இருக்கீங்களான்னே தெரியல.”

“ஏழு” என்றார். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. “அவள மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுக்க முடியாதாம்மா?”

“அவங்க நின்ன எடத்துலதான் நிக்கிறாங்க.”

“எங்க?”

மெஹருன்னிசா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். இரண்டு விரலைச் சேர்த்து, திரை முடிகிற இடத்துக்கு வெளியே, வெள்ளையடித்த சுவரில் வைத்தாள்.

“இங்க.”

மாசிலாமணி சுவரைப் பார்த்தார்.

“படம் முழுசாத்தான் வருது சார். டிவி அதக் கொஞ்சம் ஊதிப் பெருசாக்கிக் காட்டுது. நாலு பக்கமும் ரெண்டு விரற்கடை வெளிய போயிருது. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.”

“யாரு அப்படி வெச்சது?”

“வாங்குன நாள்லேருந்தே அப்படித்தான் இருக்கும்.”

“எனக்குத் தெரியலயே.”

மெஹருன்னிசா ரிமோட்டில் படத்தின் அளவு என்கிற இடத்தைத் திறந்து, கடைசி வரிக்கு வந்து நிறுத்தி, அவர் கையில் கொடுத்தாள்.

“அழுத்துங்க.”

“அழுத்துனா என்ன ஆகும்?”

“நீங்க கொஞ்சம் சின்னதாயிருவீங்க.”

அழுத்தினார்.

மாலைகளோடு நின்றவர் ஒரு சுற்று சிறுத்தார். மேடை ஒடுங்கியது. இடது ஓரத்தில், பாதித் தோள் இன்னமும் வெளியே இருக்க, தனபாக்கியம் வந்து நின்றாள். ஊதாப் பட்டு. காதோரம் நரை. கழுத்தை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

லேப்டாப்பில் படத்தை ஓடவிட்டு, “சத்தம் வரலயே சார்” என்றாள் மெஹருன்னிசா.

“அது வேண்டாம்.” பதில் சட்டென்று வந்தது. “நான்தான் நிறுத்தி வெச்சேன். நாதஸ்வர எரைச்சல்.”

அவள் அவரைப் பார்த்தாள்.

அவரே கேட்டார். “அந்த எடத்துல மட்டும் சத்தத்த எடுத்துர முடியுமா?”

“முடியும். அந்த எடத்துல அவங்க பேசுறாங்களா?”

“இல்ல. நான் பேசுறேன்.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“எடுத்துக் குடும்மா. சீக்கிரம்.”

மெஹருன்னிசா பையை மூடினாள். “ரிமோட்டு உங்க கையிலதான சார் இருக்கு” என்றாள்.

ராஜகனியை அவள் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். மாலை போட்ட தங்கையின் போட்டோ பக்கம் ராஜகனி திரும்பவில்லை. நேராக டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“போடுங்க மாப்பிள்ளை.”

போட்டார்.

ராஜகனி திரைக்கு ஒரு முழம் கிட்டே நகர்ந்தாள். “இந்தா நிக்கிறாளே. இளைச்சுட்டாளே அப்பவே. சிரிக்கிறா பாரு, கழுத… ஏன் மாப்பிள்ளை, ஊமையாட்டம் ஓடுது? சத்தம் கெடையாதா?”

மாசிலாமணி மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இருக்கு மதினி” என்றார்.

முதலிலிருந்து ஓட்டி, சத்தத்தைத் திறந்தார்.

நாதஸ்வரம். கைதட்டல். யாரோ இருமினார்கள். தனபாக்கியம் கண்ணாடிக் கூட்டை அவர் பக்கம் நீட்டினாள். அப்போது கூடம் முழுக்கக் கேட்டது, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அவருடைய கணீரென்ற குரல்.

“தனம், தள்ளி நில்லு. படத்துல விழுற பாரு.”

தனபாக்கியம் சிரித்தபடி தலையாட்டினாள். ஓர் எட்டு தள்ளிப் போனாள்.

“எங்க போயிட்டா?” என்றாள் ராஜகனி.



அந்த வீடியோவில் தனபாக்கியம் இருப்பது பதினோரு விநாடி. அதில் நான்கு விநாடி அவர் குரல்.