சாத்திய டிக்கெட் ஜன்னல்

நெட்டூரணி ஸ்டேஷனுக்கு இப்போது ரயில் வருவதில்லை. அகலப்பாதை போட்டபோது தண்டவாளம் ஊருக்கு மேற்கே போய்விட்டது. இருபது வருஷம் ஆடு அடைந்து கிடந்த கட்டடத்தை ஊர்க்காரர்களே செப்பனிட்டுக் கலைக்கூடம் ஆக்கினார்கள். பிளாட்பாரத்தில் பரதம், பார்சல் ரூமில் களிமண் பொம்மை, டிக்கெட் கொடுத்த அறையில் ஓவியம்.

ஓவியம் சொல்லித் தருகிற அமலோற்பவத்துக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் படிப்பவர்களில் மூத்தவர் தாண்டவமூர்த்தி, வயது எழுபது. இதே ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தவர். "ரிட்டயர் ஆகியும் டியூட்டிக்கு வர்ற ஒரே ஆளு" என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சேர்ந்த நாளிலிருந்து அவர் வரைந்தது ஒரே படம்தான். பிளாட்பார பெஞ்சில் ஒரு பெண், மடியில் துணிப்பை. பெஞ்சு வந்தது, பையின் முடிச்சும் வந்தது, முகம் மட்டும் வரவில்லை. வரைவார், அழிப்பார். அந்த இடத்தில் தாளே தேய்ந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. வியாழக்கிழமை அவர் கேட்டார்.

"டீச்சர், பார்க்காத முகத்தை எப்படி வரையறது?"

"யாரு சார் அது?"

முப்பத்தெட்டு வருஷமாக மனைவியிடம்கூடச் சொல்லாததை அவர் சொன்னார்.

"காலை வண்டி வந்து நின்னாச்சு. வண்டி உள்ள வந்துட்டா ஜன்னலைச் சாத்திரணும், அதான் ரூல். சாத்தப் போறேன், ஒரு கை காசை நீட்டுது. 'ஐயா, எங்கம்மா சாகக் கெடக்கா, மொகத்தப் பாத்துரணும், ஒரு டிக்கெட்டு குடுங்க'ன்னு சத்தம். நேரமாயிருச்சும்மான்னு சொல்லிச் சாத்திட்டேன். இந்த ஜன்னல்ல கைதான் தெரியும். குனிஞ்சு பார்த்தாத்தான் முகம்."

"வண்டி உடனே கிளம்பிருச்சா?"

"இல்ல. எதிர்வண்டி வரணும்னு பன்னிரண்டு நிமிஷம் நின்னுச்சு."

"அதுவரைக்கும் நீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"டீ குடிச்சேன்."

வெளியே யாரோ ஜதி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"டிக்கெட் இல்லாம ஏறக்கூடாதுன்னு அந்தம்மா ஏறல, டீச்சர். சாயங்கால வண்டி வரைக்கும் மடியில துணிப்பையோட பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்கன்னு போர்ட்டர் சொன்னான். போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களாம். நான் வெளிய வந்துகூடப் பார்க்கல. பின்பக்கமா வீட்டுக்குப் போயிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியுது. ஆனா படத்தை மாட்டினா அவங்களோ, அவங்க பிள்ளைகளோ வந்து பார்க்கலாம் இல்லையா? மன்னிப்புக் கேட்ட மாதிரி இருக்கும்."

அமலோற்பவம் எழுந்தார்.

"வாங்க சார்."

அவரை வெளியே கூட்டிப்போய், டிக்கெட் வாங்குகிறவர்கள் நிற்கிற பக்கம் நிறுத்தினார். தான் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டார்.

ஏதோ விளையாட்டு என்று தாண்டவமூர்த்தி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. முழங்கால் வலித்தது.

"டீச்சர்?"



பலகையில் தட்டினார். உள்ளே யாரோ டம்ளரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு அழுகை வந்தது. இந்த வயதில், பரதம் ஆடுகிற குழந்தைகள் பார்க்க, ஒரு ஜன்னலுக்கு எதிரே நின்று அழ வெட்கமாக இருந்தது. ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை.

பன்னிரண்டு நிமிஷம் கழித்து ஜன்னல் திறந்தது. அமலோற்பவம் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன தெரிஞ்சது சார்?"

"கதவு."

"அதை வரைங்க."

தாண்டவமூர்த்தி புதுத் தாள் எடுத்தார். இரண்டு நாள் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போனார். பச்சை வர்ணம் உரிந்த பலகை, துருப்பிடித்த ஆணிகள், கீழே காசு வைத்து வைத்து வழவழப்பான கல். எந்த இடத்திலும் அழிக்க வேண்டி வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும், தட்டினால் திறந்துவிடும் போலிருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டபோதெல்லாம் அவர் முகம் வாடியது.

சனிக்கிழமை சாயங்காலம் படத்துக்குச் சட்டம் போட ஆள் வந்துவிட்டான். அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தாண்டவமூர்த்தி பிரஷ்ஷோடு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"டீச்சர், கதவு ஒரு விரற்கடை திறந்தாப்புல மாத்திக்கட்டுமா? வர்றவங்களுக்கு அது கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

அமலோற்பவம் படத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"அன்னைக்குத் திறந்தீங்களா, சார்?"