களி மிதித்த கூத்தனார்

கருவேலங்காட்டு ஈசன் கோயில் குளத்தில் கோடைதோறும் தூர் வாருவது கூத்தனாரின் தொண்டு. அவர் வெட்டுவார், மனைவியார் உலகம்மையார் சுமப்பார். ஈசன் அந்தக் குளத்து நீரில்தான் நீராடுவார். வேறு நீர் ஆட்டும் வழக்கம் அங்கே இல்லை. இத்தொண்டு உலகம்மையாரின் பிறந்த வீட்டு வழியில் வந்தது.

ஒரு கோடையில் வண்டலுக்கு அடியில் களிமண் தெரிந்தது. அம்மையார் கூடையைக் கீழே வைத்தார்.

"போதும். எங்க அய்யா களி தெரிஞ்சா மம்மட்டிய வச்சிருவாரு."

"உங்க அய்யாவுக்கு இடுப்பு வலி. அதுக்கு ஒரு சாக்கு. இன்னும் ரெண்டு முழம் ஆழப்படுத்துனா சாமி வருசம் பூரா குளிப்பாருல்ல?"

"வேணாம். சொன்னாக் கேளுங்க."

"சாமிக்குத்தான வெட்டுறேன், அவரு பாத்துக்கிட மாட்டாரா?"

அன்பு மிகுதியாலே வெட்டினார். களி போய் மணல் வந்தது. ஐப்பசியில் நிரம்பிய குளம், கார்த்திகை பிறக்குமுன் மணல் வழியே இறங்கி வற்றிப்போயிற்று. ஈசனுக்கு நீராட்டு நின்றது. ஈரத்துணியால் திருமேனியைத் துடைப்பதோடு சரி.

"சாமியக் குளிக்கவிடாமப் பண்ணுன பக்தரு போறாரு பாரு" என்றார்கள் ஊரார். கூத்தனாரும் அதையே தமக்குள் சொல்லிக்கொண்டார். உண்மைதானே?

வறண்ட குழியில் இறங்கி, தாம் வெட்டிய பக்கத்தைப் பார்த்தார். கறுப்பு, அதன்மேல் மஞ்சள், அதன்மேல் சாம்பல் நிறம் என்று களி படைபடையாகப் படிந்திருந்தது. பூமி தந்த களி அன்று அது. ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு ஊரில் எடுத்துச் சுமந்து, கொட்டி, மிதித்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

"இடுப்பு வலின்னு சொன்னேனே, உலகு."

அம்மையார் ஏசவில்லை. "கண்மாயில களி கெடக்கு. வாங்க, சுமப்போம்" என்றார்.

களி மிதிக்க எருமை வாங்க வழியில்லை; இருவரும் காலாலேயே மிதித்தார்கள். ஒன்பது ஆண்டுகள். எட்டாம் ஆண்டிலேயே அம்மையார் காய்ச்சலில் கண்மூடினார். "தண்ணி நின்னுச்சுன்னா மொதக் குடம் நான்தான் எடுப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கடைசி ஆண்டு கூத்தனார் தனியே மிதித்தார்.

அந்த ஐப்பசியில் குளம் நிரம்பியது. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, தை பிறந்தது. நீர் இறங்கவில்லை.

கூத்தனார் குடம் சுமந்து சன்னதிக்கு வந்தபோது உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது, குருக்கள் காதிலும் விழுந்தது.

"கூத்தா, முன்னோர் இட்ட களியோடு உன் களியும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் வரிசையில் உன்னையும் வைத்தோம். நீரை ஊற்று."

கூத்தனார் குடத்தை இறக்கவில்லை.

"எனக்கெதுக்கு சாமி அந்த எடம்? அவ பேச்சக் கேட்டிருந்தா, இந்தக் குடத்த அவளே கொண்டாந்திருப்பாளே."

"அவளை நாம் முன்பே வைத்துவிட்டோம்" என்றது குரல்.

அதன்பிறகே நீராட்டு நடந்தது. கூத்தனாருடைய கண்ணீர் மட்டும் அன்றும் நிற்கவில்லை, பின்பும் நிற்கவில்லை என்பார்கள். தம் பிழையைத் தம் காலாலேயே மிதித்து நிரப்பிய அந்தப் பெரியவரையும், ஏசாமல் உடன் சுமந்த அம்மையாரையும் நினைத்துக் கும்பிடுவோம்.